வென்ற அணி எங்கே போயிற்று?

தென்காசியில் ‘சீசன்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். தென்மேற்குப் பருவமழை மலைமீது இறங்க, ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை குற்றாலத்து அருவிகளில் தண்ணீர் கொட்டும் காலம் அது. “சீசன் எப்படி?” என்று இங்கே ஒருவர் கேட்டால், பேரருவியில் குளிக்கலாமா, சாரல் உண்டா, விடுதியில் அறை கிடைக்குமா என்று அறியவே கேட்கிறார். அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் வேறொரு சீசனைப் பற்றிக் கேட்டார். செங்கோட்டைப் பக்கம் சிறுவணிகம் செய்பவர். அவருடைய பதினான்கு வயது மகன் கால்பந்து நன்றாக ஆடுகிறான். “பையனை இந்தப் பக்கம் விடலாமா சார்? இதில் ஒரு பிழைப்பு இருக்கிறதா?” என்றார்.

சிறுவனின் திறமையைப் பற்றி அவருக்கு ஐயமில்லை. திறமைக்கு ஏற்ற இடம் கிடைக்கும் என்ற உறுதி இந்தத் துறையில் இருக்கிறதா என்பதே அவருடைய கவலை. பொருளியலில் இது வேலைச் சந்தை பற்றிய கேள்வி. இந்தியக் கால்பந்தின் இரண்டாம் நிலை லீக்கைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். உச்சத்தில் ஆடுபவர் சிலரே. ஒரு துறையில் சாதாரணத் திறமையாளர் பிழைக்க முடியுமா என்பதை அதன் இரண்டாவது படிதான் காட்டும்.

லோசான் நகரில் முடிந்த சீசன்

2024-25 ஐ-லீக் சீசனின் ஆட்டங்கள் 2025 ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்தன. முதலிடம் பெறும் அணி ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீக்குக்கு உயரலாம் என்பது விதி. ஆனால், யார் முதலிடம் என்பதில் வழக்கு எழுந்தது. வீரர்களின் தகுதி, பதிவு தொடர்பான புகார்களால் புள்ளிக் கணக்கு மாறிக்கொண்டே இருந்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணியைச் சாம்பியனாக அறிவித்தது. வடகாசியின் பெயரைத் தாங்கிய இன்டர் காசி அணி சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. ஜூலையில் வந்த தீர்ப்பு இன்டர் காசியே சாம்பியன் என்றது. ஆட்டங்கள் முடிந்து மூன்று மாதங்களுக்கும் மேல் கழிந்த பிறகு, ஓர் இந்திய லீக்கின் வெற்றியாளர் யார் என்பது ஐரோப்பாவில் முடிவாயிற்று.

அதே ஜூலையில் மேல்நிலை லீக்கான ஐஎஸ்எல்லின் அடுத்த சீசனும் நிறுத்திவைக்கப்பட்டது. கூட்டமைப்புக்கும் ரிலையன்ஸ் குழுமம் சார்ந்த நிறுவனத்துக்கும் இடையே 2010ஆம் ஆண்டில் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய் மதிப்பில், வணிக உரிமை ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அது 2025 டிசம்பரில் முடியவிருந்த நிலையில், அதன்பின் என்ன என்பது யாருக்கும் தெரியவில்லை. அவ்வாண்டு நவம்பரில் புதிய வணிகப் பங்குதாரரைத் தேடி விடப்பட்ட ஒப்பந்தப்புள்ளிக்கு ஒருவர்கூட விலை கோரவில்லை. முதல் படியின் வணிக அடித்தளம் ஆட்டம் கண்டது. இரண்டாம் படியின் முடிவு நீதிமன்றப் படியேறியது.

இவை இரண்டும் தனித்தனி விபத்துகள் அல்ல. இரண்டும் ஒரே குறையிலிருந்து பிறந்தவை. அந்தக் குறையைத் தமிழ்நாடு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே தன் சொந்த அணி ஒன்றின் வழியே கண்டுவிட்டது.

கோவையில் ஒரு மார்ச் மாலை

2007இல் தொடங்கிய ஐ-லீக்தான் நாட்டின் தேசிய லீக்காக இருந்தது. 2014இல் எட்டு அணிகளுடன் ஐஎஸ்எல் வந்தது. பணம், தொலைக்காட்சி, திரை நட்சத்திரங்கள், வெளிநாட்டு வீரர்கள் எல்லாம் அந்தப் பக்கம் சென்றன. சில ஆண்டுகள் இரண்டு லீக்குகளும் இணையாக நடந்தன. பெயரளவில் ஐ-லீக் முதல்நிலையில் இருந்தாலும், நடைமுறையில் அது இரண்டாம் நிலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. 2018-19 சீசனில் அதன் எல்லா ஆட்டங்களும் தொலைக்காட்சியில் காட்டப்படவில்லை என்பதே அதற்கு அடையாளம்.

அந்தச் சீசனில் 11 அணிகள் ஆடின. ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள். சென்னை சிட்டி அணியின் பெயரில் சென்னை இருந்தாலும் அதன் சொந்தக் களம் கோவை நேரு விளையாட்டரங்கம். முந்தைய சீசனில் எட்டாம் இடம் பிடித்த அணி அது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிய சிலரும், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழக வீரர்களும் அணியில் இருந்தனர். முன்கள வீரர் பெட்ரோ மான்சி அந்தச் சீசனில் 21 கோல் அடித்தார்.

2019 மார்ச் 9, கடைசி நாள் ஆட்டம். கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரே நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுக்கு எதிரே கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். சென்னை சிட்டி சறுக்கினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. தொடக்கத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பின் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் வென்றது. 43 புள்ளிகளுக்கு 42 என்ற கணக்கில், ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில், கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. அடுத்த மாதம் சூப்பர் கோப்பைக் காலிறுதியில் ஐஎஸ்எல் சாம்பியனான பெங்களூரு அணியையும் 2-1 என்று சென்னை சிட்டி வென்றது.

இதே 2018-19இல் ஐஎஸ்எல்லில் ஆடிய மற்றொரு தமிழக அணியான சென்னையின் எஃப்சி 9 புள்ளிகளுடன் பட்டியலின் கடைசி இடத்தில் முடிந்தது. ஒரு லீக்கில் தமிழக அணி முதலிடம். மற்றொன்றில் தமிழக அணி கடைசி இடம். தரமுயர்வும் தரமிறக்கமும் உள்ள ஒரு நாட்டில் அடுத்த ஆண்டு இவ்விரு அணிகளும் இடம் மாறியிருக்கும். இங்கே எதுவும் மாறவில்லை. கடைசியில் வந்தது அதே லீக்கில் தொடர்ந்தது. முதலில் வந்தது அதே படியில் நின்றது. 2019 அக்டோபரில் வகுக்கப்பட்ட புதிய திட்டம் ஐஎஸ்எல்லை முறைப்படி முதல்நிலை ஆக்கியது. ஐ-லீக் சாம்பியன் கட்டணமின்றி மேலே செல்லும் வாய்ப்பு 2022-23 சீசனிலிருந்துதான் என்றது. 2019இன் சாம்பியனுக்கு அதில் எதுவும் இல்லை.

மூன்று அணிகள், மூன்று முடிவுகள்

அந்த மார்ச் மாலையோடு தொடர்புடைய மூன்று அணிகளின் பிற்காலத்தைப் பார்ப்போம். ஒரு புள்ளியில் கோப்பையை இழந்த ஈஸ்ட் பெங்கால் 2020இல் ஐஎஸ்எல்லுக்குள் நுழைந்தது. லீக்கை வென்று பெற்ற இடம் அல்ல அது. முதலீட்டாளரின் துணையோடு பெற்ற இடம். கோவையில் தோற்ற மினர்வா பஞ்சாப், உரிமையாளரும் பெயரும் மாறி, 2022-23இல் ஐ-லீக்கை வென்றது. களத்தில் வென்று ஐஎஸ்எல்லுக்கு உயர்ந்த முதல் அணி என்ற பெருமையும் பெற்றது. இருவரையும் முந்திய சென்னை சிட்டியோ, 2020-21 சீசனில் பட்டியலின் கீழ்ப்பாதியில் முடிந்தது. 2021-22 சீசன் தொடங்கியபோது ஐ-லீக் அணிகளின் பட்டியலில் அதன் பெயரே இல்லை. கோப்பையை வென்ற மூன்றாவது ஆண்டில் அந்த அணி தேசியக் களத்திலிருந்து மறைந்துவிட்டது.

வீரர்கள் முன்னரே கலைந்துவிட்டனர். மான்சி 2020இல் ஜப்பானின் இரண்டாம் நிலை லீக்கிலுள்ள அல்பிரெக்ஸ் நீகாட்டா அணிக்குச் சென்றார். வான்ஸ்பாலும் ஜேசுராஜும் ஐஎஸ்எல் அணிகளுக்குச் சென்றனர். அதாவது, தனிமனிதத் திறமைக்குச் சந்தை இருந்தது. அதை உருவாக்கிய நிறுவனத்துக்குத்தான் மேலே செல்ல வழி இல்லை. விளைந்த நெல்லுக்கு விலை கிடைக்கிறது, வயலுக்கு மட்டும் தண்ணீர் கிடையாது என்றால் உழவர் எத்தனை போகம் பயிர் செய்வார்?

இந்தக் கதையில் ஒரு சுவிஸ் அத்தியாயமும் உண்டு. 2019இன் தொடக்கத்தில், சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்சி பாசல் கழகம் சென்னை சிட்டியில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. தமிழகக் கால்பந்துக்கு ஐரோப்பியக் கதவு திறந்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தனர். பாசல் ரசிகர்களில் ஒரு பகுதியினர் தங்கள் கழகத்தின் பணம் இந்தியாவுக்குப் போவதை அப்போதே எதிர்த்தனர். அந்த முதலீடும் அணியைக் காப்பாற்றவில்லை. அதற்கான காரணத்தைப் பாசல் கழகத்தின் வரலாற்றிலேயே தேடலாம்.

சுவிட்சர்லாந்து காட்டும் இரண்டு கருவிகள்

எஃப்சி பாசல் 1988இல் முதல்நிலை லீக்கிலிருந்து தரமிறக்கப்பட்டது. ஆறு சீசன்கள் இரண்டாம் நிலையிலேயே கிடந்தது. 1994இல்தான் மேலே வந்தது. அதே கழகம் பின்னர் 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு முறை நாட்டின் சாம்பியன் ஆனது. சூரிக் நகரின் எஃப்சி சூரிக் 2016இல் தரமிறக்கப்பட்டது. 2017இல் மீண்டது, 2022இல் சாம்பியன் ஆயிற்று. கீழே இறங்குவது அங்கே மரணம் அல்ல. கீழேயும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. மேலே செல்லும் வழி எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

அங்கே இரண்டாம் நிலை லீக்கில் 10 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 36 ஆட்டங்கள். முதலிடம் பெறுவது நேரே மேலே செல்லும். இரண்டாமிடம் பெறுவது முதல்நிலையில் கடைசிக்கு முந்திய அணியோடு மோதி வாய்ப்பைப் பெறலாம். கடைசி அணி கீழே இறங்கும். சீசனின் கடைசி வாரம்வரை ஏறக்குறைய எல்லா அணிகளுக்கும் வெல்லவோ இழக்கவோ ஏதோ ஒன்று இருக்கும். ரசிகர் நுழைவுச்சீட்டு வாங்குவது இந்த எதிர்பார்ப்புக்காகத்தான். சுவிட்சர்லாந்தின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 90 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏழு கோடிக்கு மேல்.

ஏணி மட்டும் போதாது. அங்கே இரண்டாவது கருவி கணக்கேடு. ஆண்டுதோறும் ஒவ்வொரு கழகமும் தன் நிதிநிலையைக் காட்டி உரிமம் பெற வேண்டும். முதல்நிலையில் ஆடிய நியூஷாடெல் ஸாமாக்ஸ் கழகம் 2012 ஜனவரியில், சீசனின் நடுவிலேயே, உரிமத்தை இழந்து திவாலாயிற்று. புகழ், பழம்பெருமை எதுவும் அதைக் காக்கவில்லை. கீழ்நிலையிலிருந்து மறுபடி கட்டப்பட்டு, 2018இல் அது முதல்நிலைக்குத் திரும்பியது. கணக்கு தவறினால் கீழே தள்ளும் கண்டிப்பும், திருந்தினால் மேலே விடும் நேர்மையும் ஒரே அமைப்பில் இருக்கின்றன.

சென்னை சிட்டியின் வீழ்ச்சிக்கு அமைப்பை மட்டும் குறை கூறி அதன் நிர்வாகத்தை விடுவிப்பது என் நோக்கமன்று. வெற்றிக்குப் பிந்தைய ஆண்டுகளைத் தாங்கும் நிதி அடித்தளம் அதற்கு இருக்கவில்லை என்பது வெளிப்படை. ஆனால், மேலே செல்ல வாய்ப்பே இல்லாத நிறுவனத்தில் அப்படி ஓர் அடித்தளத்தை இட யார் முன்வருவார்? முதலீடு என்பது எதிர்கால வருவாயின் மீதான நம்பிக்கை. கோப்பையை வென்றாலும் வருவாய் மாறாது என்று விதியே சொல்லிவிட்டால், பகுத்தறிவுள்ள முதலீட்டாளர் அகாடமி கட்ட மாட்டார். இந்த ஆண்டுக்கு மட்டும் வீரர்களை அமர்த்துவார்.

உரிமையாளர்களின் வாதம்

மறுபக்க வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஐஎஸ்எல் உரிமையாளர்கள் ஆண்டுதோறும் பெரும் கட்டணம் செலுத்தியவர்கள். பலரும் நட்டத்திலேயே அணி நடத்துகிறார்கள். “ஒரு மோசமான ஆண்டுக்காக எங்களைக் கீழே தள்ளினால் யார் பணம் போடுவார்?” என்கிறார்கள். சென்னையின் எஃப்சியையே அவர்கள் எடுத்துக்காட்டலாம்: 2018-19இல் கடைசியில் வந்த அந்த அணி, அடுத்த சீசனில் இறுதிப் போட்டிவரை சென்றது. தரமிறக்கியிருந்தால் அந்த எழுச்சி நடந்திருக்குமா என்று கேட்கலாம்.

இதற்கு விளையாட்டுப் பொருளியலின் முன்னோடிகளில் ஒருவரான வால்டர் நீல் 1964இல் எழுதிய கட்டுரை நல்ல விடை தருகிறது. சாதாரண வணிகத்தில் போட்டியாளர் அழிந்தால் நமக்கு லாபம். விளையாட்டில் அப்படியல்ல. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸுக்குப் பணம் வர வேண்டுமென்றால், எதிரே வலுவான ஒருவர் நிற்க வேண்டும். விற்கப்படும் பொருள் தனி அணியின் ஆட்டமன்று. இரு தரப்பும் சேர்ந்து உண்டாக்கும் போட்டி. ஆகவே, மற்றவர்களை வெளியே நிறுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளும் லீக், தான் விற்க வேண்டிய பொருளையே மெலியச் செய்கிறது. பல ஆண்டுகள் மதில் கட்டிக் காத்த லீக்குக்கு ஒப்பந்தம் முடியும் வேளையில் விலை கோர ஆளில்லாமற்போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. இதுவும் ஒன்று என்றே கருதுகிறேன்.

திறந்த போட்டியின் வலிமையை ஐ-லீக் ஏற்கெனவே மெய்ப்பித்திருக்கிறது. 2017இல் மிசோரத்தின் ஐஸால், 2018இல் மினர்வா பஞ்சாப், 2019இல் சென்னை சிட்டி எனத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள், பெரும்பணமோ நூற்றாண்டுப் பெயரோ இல்லாத அணிகள் கோப்பையை வென்றன. பின்னர் 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் கோகுலம் கேரளா வென்றது. இத்தனை புதிய சாம்பியன்களைத் தந்த லீக்கை நாம் ஓரத்தில் வைத்துவிட்டோம். வழி திறப்பதாகச் சொன்ன பிறகும் பாதிதான் திறந்தது. மேலே செல்லும் முறை 2022-23இல் வந்தது. 2024-25இல் தொடங்குவதாகச் சொல்லப்பட்ட தரமிறக்கமோ அந்த ஆண்டு நடைபெறவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

பழைய ஒப்பந்தத்தின் காலம் முடிந்துவிட்டதால், இனி எழுதப்படும் எந்த வணிக ஒப்பந்தமும் நான்கு கூறுகளைக் கொண்டிருக்க வேண்டும்.

முதலாவது, தரமுயர்வும் தரமிறக்கமும் சலுகையாக அன்றி விதியாக இருக்க வேண்டும். உரிமையாளர்களின் அச்சத்தைக் குறைக்க, கீழே இறங்கும் அணிக்கு இரண்டு ஆண்டுகள் ஒளிபரப்பு வருவாயில் ஒரு பங்கு தரலாம். இங்கிலாந்தில் இந்த முறை நெடுங்காலமாக உள்ளது.

இரண்டாவது, மேல்நிலை லீக்கின் ஒளிபரப்பு வருவாயில் குறிப்பிட்ட விழுக்காடு இரண்டாம் நிலைக்குச் செல்ல வேண்டும். அது தொண்டு அல்ல. வீரர்களை உருவாக்கித் தருவதற்கான விலை.

மூன்றாவது, சீசன் தொடங்கும் முன்பே வீரர்களின் ஊதியத்துக்கு ஈடான தொகையில் ஒரு பகுதியை ஒவ்வொரு கழகமும் வங்கி உத்தரவாதமாக வைக்க வேண்டும். கழகம் மூழ்கினால் முதலில் பட்டினி கிடப்பவர் இருபத்திரண்டு வயது வீரர்தான்.

நான்காவது, வீரர் பதிவு, தகுதி தொடர்பான புகார்களுக்குச் சீசன் நடக்கும்போதே, குறிப்பிட்ட நாள்களுக்குள் இறுதி முடிவு காணப்பட வேண்டும். ஆடுகளத்தில் ஏப்ரலில் முடிந்ததை ஜூலையில் லோசானில் அறிந்துகொள்வது எந்த லீக்குக்கும் அழகன்று.

தமிழ்நாட்டுக்கும் ஒரு கடமை உண்டு. 2019 மே மாதத்தில் மதுரையின் சேது எஃப்சி மகளிருக்கான தேசிய லீக்கை வென்றது. இரண்டே மாத இடைவெளியில் ஆடவர், மகளிர் என இரு தேசிய லீக் கோப்பைகளும் இம்மாநிலத்துக்கு வந்தன. சென்னைக்கு வெளியே, கோவையிலும் மதுரையிலும் வேர்கொண்ட அணிகள் அவை. குமரிக் கடற்கரையின் தூத்தூர், சின்னத்துறை போன்ற மீனவ ஊர்கள் தலைமுறைகளாகக் கால்பந்து வீரர்களைத் தருகின்றன. ஆயினும், மாவட்டந்தோறும் ஆண்டு முழுவதும் நடக்கும் லீக், அதற்கு மேலே மாநில லீக், அதற்கு மேலே தேசிய இரண்டாம் நிலை என்று அறுபடாத ஒரு பாதை நம்மிடம் இல்லை. முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகள் சில நாள்களில் முடிந்துவிடும். திறமையைக் கண்டறிய அவை உதவும், வளர்க்க உதவா. மூன்று மாத அருவி போன்றதன்று, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு போன்றது நமக்குத் தேவை.

குற்றாலத்தில் கடை ஏலம் எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் அருவியைப் பார்ப்பதைவிட மலையை அதிகம் பார்ப்பார்கள். மலைமேல் காடும் மழையும் இருந்தால்தான் கீழே தண்ணீர் விழும். அந்தத் தண்ணீர் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேரும். 2019இல் கோவையில் நாம் பார்த்தது ஒரு நல்ல சீசன். அதற்கு மேலே நீர்ப்பிடிப்பும் இல்லை, கீழே வாய்க்காலும் இல்லை.

என் மாணவருக்கு என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். “பையன் ஆடட்டும், ஆனால் பட்டப்படிப்பை விடவேண்டாம்” என்றேன். அவர் தலையசைத்தார், அவர் எதிர்பார்த்ததும் அதுவாகத்தான் இருந்திருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கல்லூரி அணியில் ஆடிய மாணவர்களுக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன். புதிய ஒப்பந்தங்கள் எழுதப்படும் இந்த வேளையில் கூட்டமைப்பும் அரசும் சரியாக நடந்துகொண்டால், அடுத்து இதே கேள்வியோடு வரும் தந்தைக்கு வேறு பதில் சொல்ல முடியும்.